வந்தவை, போனவை

தைப்பூசம் முடிந்து பதினோராவது நாள்.
ஈயக் குட்டையில் தண்ணீர்
இரண்டு முழம் இறங்கியிருக்கிறது.
பின்கதவைத் திறந்தால்
போன மாதம் முழுகிக் கிடந்த லாரி டயர்
கரையோரம் பாதி முளைத்திருக்கிறது.
அதன்மேல் ஒரு மடையான்,
சேற்றில் பிசைந்து
சேற்றிலேயே காயவைத்தது போல.

பறந்தாலொழியக் கண்ணுக்கு அகப்படாது.
பறந்தால்,
அத்தனை வெள்ளையை
எங்கே மடித்து வைத்திருந்ததோ.

அரசாங்கம் பெயர்ப்பலகையை மாற்றியும்
நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர்.
செம்பனை ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
கணினி வந்த வருஷம் தூக்கிப்போட்ட பேரேடுகளில்
ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
உள்ளே வந்த நேரம். லாரி எண். மொத்த எடை.
வெளியே போன நேரம். நிகர எடை.
கட்டங்களை மாற்றவில்லை.
லாரி எண்ணுக்குக் கீழே பறவை.

உள்ளான், காலை 7.15, ஒன்று.
பின்புறத்தை ஆட்டாமல் ஓர் அடி நகராது.
கீச்சான், வேலிக் கம்பி.
வெட்டுக்கிளியை முள்ளில் குத்திவைத்துவிட்டு
மறந்து போனது.
தகைவிலான், அந்தி, மின்கம்பி நெடுக,
ஏறக்குறைய நானூறு.
(ஏறக்குறைய என்று ஆலையில் எழுதினால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.)
நிகர எடை எல்லாவற்றுக்கும் காலி.

இதுகள் புறப்பட்டு வந்த இடத்தில்
ஏரி இன்னும் உறைந்து கிடக்கும் என்றேன்.
எப்படி இருக்கும் அது, என்றாள் தவமணி.
ஐஸ் காச்சாங்கைக் குட்டை முழுக்கக் கொட்டினாற் போல,
என்றேன், பார்த்தவன் மாதிரி.
சிரப்பும் உண்டா என்றாள்.

விடிய விடிய ருவாக் ருவாக் என்று
கங்கோங் கொடிக்குள் கத்துகிறது கானாங்கோழி.
அங்கேயே பிறந்து
அங்கேயே குஞ்சு பொரித்து
உடும்புக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு
மறுபடி கத்துகிறது.
அதை எழுதியதில்லை.
வந்த நேரம் தெரியாததை
எந்தக் கட்டத்தில் போடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை
பேரேட்டை முழுக்கப் புரட்டிவிட்டுத் தவமணி சொன்னாள்:
உங்களையுந்தான் யாரும் எழுதல.

லயத்தில் பிறந்தேன், பதினேழாம் கதவு.
அன்றைக்கு மழை என்று மட்டும் தெரியும்.
ஐம்பத்து மூன்று வயதில்
சட்டைப்பையில் சிவப்பு அட்டை,
நீலம் கேட்டு நான்காவது மனு.

மாசிக் கடைசியில்
மடையானின் உச்சந்தலையில் நிறம் கசிந்தது.
டயர் வளையத்தின் துரு ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.
இரண்டு நாளில் கழுத்து.
பிறகு மார்பு வரை
வெற்றிலைச் சாறு இறங்கினாற் போல.
முதுகு மட்டும் மழைமேகக் கறுப்பு.
இப்போது அதற்கு ஒளிய இடமில்லை,
சேறு முழுக்கத் தேடினாலும்.

அடுத்த வீட்டு லோ வேலிமேல் சாய்ந்து பார்த்தார்.
சிவந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான், என்றார்.
சொன்னவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்.
வாழைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று
உள்ளே போய்விட்டார்.
காலையில்தான் ஊற்றியிருந்தார்.

பங்குனி நான்கு.
கோல சிலாங்கூர் பதிவு இலாகாவில்
என் கையில் 1086.
சுவரில் 1031.
குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி.
கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
ஒற்றைக் காலில் நிற்கப் பழகலாமா என்று யோசித்தேன்.
மதியம், தாய்மாமன் யாராவது
உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது டயர்மேல் வெயில் மட்டும்.

பேரேட்டில் தவமணியின் கோணல் எழுத்து:
மடையான். போயிருச்சு.
மணி பாக்கல, மீன் கழுவிக்கிட்டிருந்தேன்.
அவ்வளவு செவப்பும் உக்காந்தாத்தான்.
போறப்ப வெள்ளையாத்தான் போச்சு.

நிகர எடைக் கட்டத்தில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.